எல்லா லூருக்கும் ஒரே ராடு: சென்னைத் தண்ணீருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

லூர் (மீன், தவளை போலச் செய்த செயற்கை இரை) வீச ஒரே ஒரு ராடு (தூண்டில் கம்பு) வாங்கினால் போதும், எது வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்: 7 அடி, மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன். தப்பான பதில் இல்லை. ஆனால் அது அமெரிக்க ஏரிகளில், லார்ஜ்மவுத் பாஸ் என்ற மீனை வைத்துப் பிறந்த பதில். அந்த மீனில் உலக சாதனையே சுமார் 10 கிலோதான். 1932-இல் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. 2009-இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதற்குச் சமம் என்று பதிவானது. நாள்தோறும் அந்த ராடுகளில் மாட்டுவது ஒரு கிலோ, இரண்டு கிலோ மீன்கள். நல்ல தண்ணீர், உப்பில்லாத காற்று, ராடை வைக்கப் படகும் பெரிய வண்டியும்.

நம்மூரில் பாஸ் கிடையாது. அதன் இடத்தில் இரண்டு மீன்கள் இருக்கின்றன. எண்ணூர், முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற உவர்நீரில் கொடுவா. செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்து ஏரி குளங்களில் விரால். இரண்டுமே பாஸைப் போல மறைவில் பதுங்கி நின்று பாய்ந்து விழுங்குகிற ஜாதி. அதனால்தான் பாஸுக்காகச் செய்த தவளை லூர், மின்னோ (சின்ன மீன் வடிவ லூர்), பாப்பர் (தண்ணீருக்கு மேலே சத்தம் எழுப்பும் லூர்), ரப்பர் மீன் எல்லாமே இங்கே எடுபடுகின்றன. கடற்கரையில் வீசினால் பாரையும் சீலாவும்கூட அவற்றை அடிக்கும். லூர் அப்படியே செல்லும்; ராடுதான் அப்படியே செல்லாது. உப்பு, கடற்காற்று, பஸ்ஸிலும் பைக்கிலும் போகிற பயணம், எதிர்பாராமல் மாட்டும் பெரிய மீன், இந்த நான்கும் கணக்கில் வர வேண்டும்.

படி 1: முதலில் லூரை நிறுத்துப் பாருங்கள்

"கொடுவா ராடு இருக்கா?" என்று கேட்டுக் கடைக்குள் நுழையாதீர்கள். எந்த மீன் என்பது ராடுக்குத் தெரியாது. அதன் நுனியில் எத்தனை கிராம் தொங்குகிறது என்பதுதான் தெரியும். வீட்டில் சமையலுக்கு வைத்திருக்கும் சின்ன டிஜிட்டல் தராசை எடுத்து, உங்களிடம் இருக்கும் லூர்களையும் வாங்க நினைக்கும் லூர்களையும் கிராமில் எழுதிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதென்றால் எடை அட்டையிலேயே இருக்கும்.

விராலுக்கான உள்ளீடற்ற தவளைகள் பெரும்பாலும் 8 முதல் 15 கிராம். 9 முதல் 12 சென்டிமீட்டர் மின்னோக்கள் 10 முதல் 20 கிராம். பாப்பர் 10 முதல் 15. நான்கு அங்குல ரப்பர் மீனை 10 கிராம் ஜிக் ஹெட்டில் (கனமான தலை வைத்த முள்) கோர்த்தால் இரண்டும் சேர்ந்து 20 கிராமை ஒட்டி வரும். பலர் ஜிக் ஹெட்டின் எடையை மட்டும் பார்த்து, ரப்பரின் எடையை மறந்துவிடுகிறார்கள். கடற்கரையில் தூரம் போக வேண்டும் என்று எடுக்கும் ஸ்பூன், மெட்டல் ஜிக் போன்ற உலோக லூர்கள் 20 முதல் 30 கிராம்.

இப்போது ராடின் அடிப்பகுதியில், பிடிக்கு மேலே அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். லூர் எடை அங்குதான் இருக்கும். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ராடுகளில் அவுன்ஸில் போட்டிருப்பார்கள். ஒரு அவுன்ஸ் 28 கிராம். கால் அவுன்ஸ் 7. அரை அவுன்ஸ் 14. முக்கால் அவுன்ஸ் 21. மேலே சொன்ன பட்டியலை மொத்தமாக அணைத்துக்கொள்வது கால் முதல் ஒரு அவுன்ஸ் வரை, அதாவது 7 முதல் 28 கிராம் வரை போட்ட ராடு. ஒரே ராடு என்றால் இதுதான் நமக்கான எண். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம், இதில் கூடாது.

இன்னொரு விஷயம். அச்சிட்ட இரண்டு எண்களுக்கும் நடுவே எல்லா எடையும் ஒரே மாதிரி பறக்காது. 7–28 ராடு மிகச் சுகமாக வீசுவது 12 முதல் 22 கிராம் வரைதான். 7 கிராமில் ராடு வளையவே யோசிக்கும், தூரம் போகாது. 28 கிராமில் முழு வேகத்தில் சுழற்றி வீசக் கூடாது, தள்ளி வீச வேண்டும். உங்கள் லூர்களில் பாதிக்கு மேல் 7 கிராமுக்குக் கீழே இருந்தால் இந்த வழிகாட்டியின் ராடு உங்களுக்கானது அல்ல. 3 முதல் 14 கிராம் வரையுள்ள மீடியம் லைட்டைப் பாருங்கள்.

படி 2: பவர்

பவர் என்பது ராடை வளைக்க எவ்வளவு பலம் தேவை என்பது. லைட், மீடியம் லைட், மீடியம், மீடியம் ஹெவி, ஹெவி என்று ஏறிக்கொண்டே போகும். இதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் மீடியம் இன்னொரு கம்பெனியின் மீடியம் ஹெவியாக இருக்கும். ஆகவே பெயரை நம்பாமல் கிராமை நம்புங்கள்.

இருந்தாலும் நமக்கு மீடியம் ஹெவி பக்கமே சாய்வது நல்லது. காரணம் விரால் இருக்கும் இடம். அது நிற்பது ஆகாயத்தாமரைக்கும் அல்லி இலைக்கும் நடுவில். அடித்த உடனே தலையைக் கீழே திருப்பி வேருக்குள் நுழையப் பார்க்கும். அந்த முதல் இரண்டு மூன்று வினாடியில் அதை மேலே தூக்க முடியாத ராடு, மீனையும் தவளையையும் சேர்த்துக் காவு கொடுக்கும். எண்ணூர்ப் பக்கம் பாறையிலும் பாலத்தூண் ஓரத்திலும் கொடுவா செய்வதும் இதேதான்.

படி 3: ஆக்‌ஷன்

குழப்பம் அதிகம் இருப்பதும், காசு வீணாவதும் இங்கேதான். பவர் எவ்வளவு பலம் என்று சொன்னால், ஆக்‌ஷன் எந்த இடத்தில் வளைகிறது என்று சொல்லும். நுனியிலிருந்து கால் பங்கு, மூன்றில் ஒரு பங்குக்குள் வளைவு முடிந்தால் ஃபாஸ்ட். பாதி வரை வளைந்தால் மாடரேட். பிடி வரை மொத்தமும் வளைந்தால் ஸ்லோ. பலமான ராடு ஸ்லோவாகவும் இருக்கலாம், மெலிந்த ராடு ஃபாஸ்ட்டாகவும் இருக்கலாம்; ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை.

ஏன் இது முக்கியம்? லூரில் தொங்கும் முள்ளைப் பாருங்கள். தவளை, ஜிக், ரப்பர் மீன் இவற்றில் தடித்த ஒற்றை முள்ளோ இரட்டை முள்ளோ இருக்கும். அதை மீனின் கடினமான வாயில் இறக்க வேகமான, கெட்டியான வெட்டு (ராடைச் சட்டென்று பின்னால் இழுப்பது) வேண்டும். ஃபாஸ்ட் ராடுதான் அதைக் கொடுக்கும். மின்னோவிலும் பாப்பரிலும் மெல்லிய மூன்றுமுனை முள் இரண்டு தொங்கும். அது தானாகவே தைத்துக்கொள்ளும். பிரச்சினை தைப்பதில் அல்ல, தைத்தது கிழிந்து வராமல் இருப்பதில். கொடுவா தண்ணீருக்கு மேலே குதித்துத் தலையை உதறும் மீன். விறைப்பான ராடில் அந்த உதறல் நேராக முள்ளுக்குப் போகும், துளை பெரிதாகும், லூர் திரும்பிப் பறந்து வரும். கொஞ்சம் உள்ளே வரை வளைகிற ராடு அந்த அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும்.

ஆக, தவளை ஒரு பக்கம் இழுக்கிறது, மின்னோ மறுபக்கம் இழுக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே ராடு என்பது உண்மையில் இந்த இழுபறியில் எங்கே நிற்பது என்ற கேள்விதான். என் தீர்ப்பு: சாதாரண ஃபாஸ்ட். எக்ஸ்ட்ரா ஃபாஸ்ட் வேண்டாம், மாடரேட்டும் வேண்டாம். சில கம்பெனிகள் மாடரேட் ஃபாஸ்ட் என்று ஒன்று போடுகின்றன. விராலைவிடக் கொடுவாவுக்கே அதிகம் போவீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். ஃபாஸ்ட் ராடில் மின்னோ வீசும்போது மீன் குதித்தால் ராடின் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள், ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடிப்பு) கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். ராடு செய்யாததைக் கை செய்யும்.

தவளை விஷயத்தில் ஃபாஸ்ட் ராடு ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுக்கும்: தண்ணீர் வெடித்த சத்தம் கேட்டதுமே வெட்டத் தோன்றும். விரால் தவளையை வாங்கி வாயை மூட ஒரு நொடி பொறுக்க வேண்டும். தூண்டில் நரம்பு இறுகுவதைக் கை உணர்ந்த பிறகு வெட்டுங்கள். (மழைக்காலத்தில் சிவப்பு நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மிதந்து வந்தால் அடியில் தாய் தகப்பன் காவல் நிற்கிறது என்று அர்த்தம். சீண்டினால் நிச்சயம் அடிக்கும் என்பதால் பலர் அதன் மேல்தான் வீசுகிறார்கள். வேண்டாம். அதைப் பிடித்தால் குஞ்சுகள் அத்தனையும் மற்ற மீன்களுக்கு இரை.)

படி 4: நீளம்

7 அடி என்றால் 213 சென்டிமீட்டர். ஏரிக் கரையிலும் படகிலும் கயாக்கிலும் இது போதும். மெரினா, பெசன்ட் நகர், கோவளம் மணலில் நின்று அலையைத் தாண்டி வீச வேண்டுமென்றால் 9 அடி சௌகரியம். வடசென்னைக் கடலோரத்துத் தூண்டில் வளைவு (கடலரிப்பைத் தடுக்கும் கல் சுவர்) பாறைகளிலும் சற்று நீளமான ராடுதான் நரம்பைப் பாறை விளிம்பில் உரசாமல் தூக்கிப் பிடிக்கும். ஆனால் 9 அடி ராடை வேலி காத்தான் முள் சூழ்ந்த ஏரிக்கரையில் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்ற முடியாது. நாள் முழுக்கத் தவளையை நடத்திக் காட்டினால் மணிக்கட்டும் விட்டுப்போகும்.

நடுவில் நிற்பது 7 அடி 6 அங்குலம். அந்த ஆறு அங்குலம் கடற்கரையில் தூரத்தைக் கூட்டும், ஏரியில் தொந்தரவு தராது. பாதி நேரம் கடலோரம் என்றால் இதை எடுங்கள். ஏரி மட்டும், கயாக் மட்டும் என்றால் 7 அடியே நல்லது.

ஒரே துண்டா, இரண்டு துண்டா? அமெரிக்காவில் ஒரே துண்டு ராடுக்கு ஒரு மோகம் உண்டு. அங்கே படகில் ராடு வைக்கத் தனிப் பெட்டி இருக்கிறது. நமக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கலும் மாநகரப் பேருந்தும் ஷேர் ஆட்டோவும். நடுவில் சரிபாதியாகப் பிரியும் இரண்டு துண்டு ராடு சுமார் 110 சென்டிமீட்டருக்கு வரும். தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகலாம். நல்ல இரண்டு துண்டு ராடின் வளைவில் இணைப்பு இருப்பதே தெரியாது. ஆன்டெனா போல இழுத்து நீட்டும் மடக்கு ராடு மட்டும் வேண்டாம். மண்புழு போட்டு ஜிலேபி பிடிக்க அது சரி. லூர் வீச அதன் நுனி கனம், நரம்பு ஓடும் வளையங்கள் திரும்பிக்கொள்ளும், மணல் புகுந்தால் மடங்கவே மடங்காது.

படி 5: ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டிங்கா?

இது ரீல் (நரம்பைச் சுற்றி வைக்கும் கருவி) வகை பற்றிய கேள்வி. வீசும்போது ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் (நரம்பு சுற்றிய உருளை) அசையாமல் நிற்கும், பெய்ட்காஸ்டரில் அதுவே சுழலும். என் பதில் ஸ்பின்னிங். ஒரே ராடு என்றால் இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. தவளை வீசுகிறவர்கள் பெய்ட்காஸ்டரைப் புகழ்வார்கள். குறி தப்பாது, இழுவைப் பலம் அதிகம், உண்மைதான். ஆனால் சென்னையில் வெயில் ஏறினால் கடற்காற்று எதிரே வந்து முகத்தில் அடிக்கும். எதிர்காற்றில் 10 கிராம் லூரைப் பெய்ட்காஸ்டரில் வீசினால் லூர் வேகம் இழந்த பிறகும் ஸ்பூல் சுற்றிக்கொண்டே இருக்கும். நரம்பு குருவிக்கூடு ஆகிவிடும். ஸ்பின்னிங் ரீலில் அந்தத் தலைவலி இல்லை. கடலோரம் போகிறவர்கள் விடியற்காலையைத் தேர்ந்தெடுப்பதற்கு மீன் மட்டுமல்ல, காற்றும் காரணம். அந்நேரம் கடற்காற்று கிளம்பியிருக்காது.

ராடும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். ஸ்பின்னிங் ராடில் வளையங்கள் கீழே தொங்கும், முதல் வளையம் பெரிதாக இருக்கும். பெய்ட்காஸ்டிங் ராடில் வளையங்கள் மேலே, ரீல் வைக்கும் இடத்தில் விரலுக்கு ஒரு கொக்கி. ஒன்றின் ரீலை மற்றதில் மாட்டி ஓட்ட முடியாது.

படி 6: உடம்பு, வளையம், பிடி

உடம்பு கண்ணாடி இழையாக இருக்கலாம், கார்பனாக இருக்கலாம், இரண்டும் கலந்ததாக இருக்கலாம். கண்ணாடி இழை கனம், மந்தம், ஆனால் எளிதில் உடையாது. கார்பன் லேசு, லூர் தரையைத் தொட்டதைக்கூடக் கைக்குச் சொல்லும், ஆனால் ஒரு கல்லில் நன்றாகப் பட்டால் அந்த இடத்தில் பிறகு ஒருநாள் முறியும். 24 டன், 30 டன், 40 டன் என்று போட்டிருப்பது கார்பனின் விறைப்பு. எண் ஏற ஏற லேசாகும், நொறுங்கும் குணமும் கூடும். பாறையில் வைத்து எடுத்து, பஸ்ஸில் இடிபட்டுப் போகப்போகிற முதல் ராடுக்கு 24 டன் போதும். 40 டன் என்று எழுதிய ராடு மலிவாகக் கிடைத்தால் அந்த எழுத்தைச் சந்தேகப்படுங்கள்.

வளையத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். பிரெய்டு நரம்பு (இழைகளைப் பின்னிச் செய்தது) உப்புத் தூளையும் மணலையும் சுமந்துகொண்டு ஓடும். மலிவான வளையத்தின் உள்பக்கத்தில் அது கோடு கிழிக்கும், பிறகு அந்தக் கோடு நரம்பை அறுக்கும். உள்ளே பீங்கான் வளையம் இருக்க வேண்டும். சிலிக்கான் கார்பைடு சிறந்தது, ஃபூஜியின் ஆல்கோனைட் விலைக்கு நல்லது, அலுமினியம் ஆக்சைடு தாங்கும். வெளிச்சட்டம் துருப்பிடிக்காத எஃகு. டைட்டானியம் கிடைத்தால் அதிர்ஷ்டம், ஆனால் விலை எகிறும். நல்ல தண்ணீருக்கு மட்டும் என்று செய்த ராடுகளின் வளையக் காலில் ஒரே பருவத்தில் துரு இறங்கும். நம் கடற்கரையில் ஜன்னல் கம்பிக்கே அந்தக் கதிதானே.

மிகச் சிறிய வளையங்கள் கொண்ட ராடுகளும் இப்போது வருகின்றன. பார்க்க அழகு. லீடர் (நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்டும் தடித்த துண்டு) முடிச்சு அதில் தட்டித் தட்டிப் போகும். நமக்கு லீடர் இல்லாமல் முடியாது என்பதால் அவற்றைத் தவிர்க்கலாம்.

பிடி தக்கையா, ஈவா நுரையா என்பது ரசனை. வியர்வை, இறால் தண்ணீர், உப்பு எல்லாம் ஊறும் கைக்கு ஈவா கழுவ எளிது. பின்பிடி 25 முதல் 35 சென்டிமீட்டர் இருந்தால் இரண்டு கையாலும் வீசலாம். கயாக்கில் அதே நீளம் லைஃப் ஜாக்கெட்டில் இடிக்கும்.

படி 7: கடையில் செய்ய வேண்டியது

உங்கள் ரீலைக் கையோடு கொண்டுபோங்கள். ரீல் இல்லாமல் ராடை ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. காசிமேட்டுக் கடைகளில் வலையும் கயிறும் பெரிய முள்ளும்தான் முக்கியச் சரக்கு. லூர் ராடுக்கு ஆங்ளிங் சாமான் மட்டும் விற்கும் கடைக்குப் போங்கள். ஆன்லைனில் வாங்கினாலும் பார்சல் வந்ததும் இதே சோதனைகளைச் செய்யலாம்.

முதலில் இரண்டு துண்டையும் இணைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பிடியிலிருந்து நுனி வரை பாருங்கள். வளையங்கள் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சுற்று சுற்றுங்கள். விரிசல் இருந்தால் பஞ்சு இழை மாட்டும். ரீலை மாட்டி இறுக்கி ஆட்டுங்கள், ஆடக் கூடாது. ரீலோடு சேர்த்து, ரீல் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் ராடை நிறுத்தினால் ஏறக்குறைய நிற்க வேண்டும். நுனி சரிந்தால் மாலைக்குள் மணிக்கட்டு வலிக்கும்.

கடைசியாக, கடைக்காரர் ஒப்புக்கொண்டால், நரம்பை எல்லா வளையத்திலும் கோர்த்து நுனியில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, ராடைத் தரையிலிருந்து 45 டிகிரி வைத்து மெதுவாகத் தூக்குங்கள். அது ஒரு கிலோ. வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பக்கத்திலிருந்து யாராவது போனில் படம் எடுக்கட்டும். ஃபாஸ்ட் என்று எழுதிய ராடு உண்மையில் ஃபாஸ்ட்தானா என்பது அந்தப் படத்தில் தெரிந்துவிடும். கையால் நுனியைப் பிடித்து வளைத்துப் பார்ப்பது மட்டும் கூடாது. கடையில் உடையும் நுனிகள் பெரும்பாலும் அப்படித்தான் உடைகின்றன.

படி 8: விலை

மொத்தப் பணத்தை ராடு, ரீல், நரம்பு மூன்றுக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். முழுவதையும் ராடில் போட்டுவிட்டு மட்டமான ரீலை மாட்டினால் முதல் நல்ல பாரையிலேயே டிராக் கரகரக்கும். சரிசமமாக வைத்து, கூடுதலாக ஒரு ஆயிரம் இருந்தால் ரீலுக்குக் கொடுங்கள். உப்பு முதலில் தின்பது அதைத்தான். ராடும் ரீலும் நரம்பும் சேர்த்து ஒரே அட்டையில் அடைத்த மிக மலிவான செட்டுகள் குழந்தைகளுக்கு விளையாட வாங்கிக் கொடுக்கலாம்.

படி 9: ரீல், நரம்பு, லீடர்

7 அடி முதல் 7 அடி 6 அங்குல மீடியம் ஹெவிக்கு 3000 அல்லது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். ஏரி அதிகம் என்றால் 3000, கடல் அதிகம் என்றால் 4000. நரம்பு 20 பவுண்டு பிரெய்டு. ஜப்பான் கணக்கில் பார்த்தால் பிஇ 1.5 முதல் 2 வரை. அடர்ந்த ஆகாயத்தாமரையில் விராலுக்கு மட்டும் என்றால் 30 பவுண்டுக்கு ஏறலாம். ராடில் அச்சிட்ட பவுண்டு எண்ணைத் தாண்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம், டிராக்கைச் சரியாக வைத்தால் போதும்.

லீடர் கட்டாயம். கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, உதடு உப்புத்தாள். 30 முதல் 40 பவுண்டு ஃப்ளூரோகார்பனோ நைலானோ, 60 முதல் 90 சென்டிமீட்டர். நரம்பையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சு கற்றுக்கொண்டால் வளையத்தில் வழுக்கிப் போகும். அது கைவரும் வரை டபுள் யூனி முடிச்சு போதும். சீலா இருக்கும் இடத்தில் எந்த நரம்பு லீடரும் பல்லுக்குத் தாங்காது, லூருக்கு முன்னால் ஒரு சாண் கம்பி லீடர் மாட்டுங்கள்.

டிராக்கைக் கைக் கணக்கில் வைக்காமல் ஒரு முறையாவது அளந்து வையுங்கள். 20 பவுண்டு என்றால் 9 கிலோ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2.25 முதல் 3 கிலோ. சூட்கேஸ் எடை பார்க்கும் கொக்கித் தராசை நரம்பு முனையில் மாட்டி, ராடை 45 டிகிரியில் பிடித்து, வீட்டில் இன்னொருவரை இழுக்கச் சொல்லுங்கள். தராசு 2.5 காட்டும்போது ரீல் நரம்பை விட வேண்டும். அதற்கு முன்போ பின்போ விட்டால் டிராக் குமிழைத் திருகுங்கள்.

மீனைக் கரையேற்றும்போது ராடை நெட்டுக்குத்தாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகக் கூடாது. அப்போது முழுப் பாரமும் மெல்லிய நுனியில் விழும், இரண்டு கிலோ மீனுக்கே முறிந்துவிடும். பாறை மேலே மீனைத் தூக்குவதற்கு வலையைப் பயன்படுத்துங்கள் அல்லது லீடரைக் கையுறையால் பிடித்து இழுங்கள். புழல், செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளிலும் குத்தகைக்கு விட்ட ஏரிகளிலும் அனுமதி கேட்காமல் ராடை நீட்ட வேண்டாம். துறைமுக அலைத் தடுப்புச் சுவர்களுக்கும் அதேதான்.

வீடு திரும்பியதும் ராடையும் ரீலையும் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவுங்கள்; பீய்ச்சி அடித்தால் உப்பு ரீலின் உள்ளேதான் போகும். இரண்டு துண்டையும் பிரித்து, இணைப்பைத் துடைத்து, நிழலில் காய வையுங்கள். வருடக்கணக்கில் கழற்றாமல் விட்ட இணைப்பு பிறகு எந்த இழுப்புக்கும் வராது. இணைத்த ராடோடு ஹாலுக்குள் நுழைவதற்கு முன்னால் சீலிங் ஃபேனை அணைத்துவிடுங்கள்.